ஏத்தன் அடுப்புல நின்னாத்தான் தோட்டத்துல நிக்கும்

வாழை விவசாயி என்கிற முறையில் நகரத்து மக்கள் மேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்கு, இன்னைக்குக் கொட்டிடுதேன். கோவம் வந்தா வரட்டும். ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கோவப்படுங்க.

வழக்கு இதுதான். வாழையைத் தின்கிறீங்க, சமைக்க மறந்துட்டீங்க. காய் என்றால் பஜ்ஜி, இல்லாட்டி ஒரு வறுவல். பழம் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்ணு, அதுவும் தோலில் கறுப்புப் புள்ளி விழுறதுக்குள்ள. புள்ளி விழுந்தா குப்பைத்தொட்டி. பச்சைக் காய்க்கும் கறுத்த பழத்துக்கும் நடுவுல உப்பு, புளி, காரம், இனிப்பு என்று ஒரு முழுச் சமையல் இருக்கு. அது உங்க வீட்டை விட்டுப் போயிட்டு. அதனால உங்களுக்கு என்ன நஷ்டம்னு நீங்க பாத்துக்கிடுங்க. எனக்கு என்ன நஷ்டம்னு நான் சொல்லுதேன்.

நான் குமரி மாவட்டத்துக்காரன். எங்க பக்கம் வாழை என்றால் முதலில் ஏத்தன்தான். நீங்க நேந்திரன்னு சொல்றது. வாழைத்தாரை நாங்க குலை என்போம், வாழையை மூடு கணக்கில் எண்ணுவோம். ஏத்தன் குலையில் அஞ்சாறு சீப்புக்கு மேல இருக்காது. ரொபஸ்டா தார் மாதிரி நூத்துக்கணக்கில் காய் தொங்காது. நட்டு பத்து பதினோரு மாசம் காத்திருக்கணும். குலை தள்ளினதும் முட்டுக் கம்பு கொடுத்துக் கட்டணும். காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலும் நடுத்தண்டு ஒடிஞ்சு குப்புற விழுந்திடும். உரம், கூலி, கம்பு, கயிறு எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா, இதை விட்டுட்டு வேற ஏதாவது போடலாம்னு எவனுக்கும் தோணும்.

அப்புறம் ஏன் போடுறோம்? ஏத்தன் சமையலுக்குன்னே பிறந்த வாழை. சாதாரண வாழைப்பழம் பழுக்கும்போது மாவுச்சத்து அநேகமா எல்லாமே சர்க்கரையா மாறிடும். ஏத்தனில் நல்லா பழுத்த பிறகும் மாவு மிஞ்சி நிற்கும். அதனாலதான் அவிச்சா கரையாது, எண்ணெயில் போட்டா சிதையாது, வெல்லப்பாகில் கிடந்தாலும் துண்டு துண்டா நிற்கும். ஒரே குலையை வெட்டின நாளில் இருந்து கறுத்துப் போற நாள் வரைக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற பண்டம் செய்யலாம். எங்க அம்மை செய்வா. அவ கணக்குல ஒரு குலை என்பது ரெண்டு வாரச் சமையல்.

அந்த ரெண்டு வாரத்தைக் கொஞ்சம் விரிச்சே சொல்லுதேன்.

முதல் நாள், பச்சைக் காய். எரிசேரி. காயும் சேனையும் துண்டு போட்டு மஞ்சளோட வேகவச்சு, தேங்காயும் மிளகும் சீரகமும் அரைச்சு ஊத்தி, கடைசியில் தேங்காய்த் துருவலைத் தேங்காயெண்ணெயில் பொன்னிறமா வறுத்து மேல கொட்டணும். அந்த வறுத்த தேங்காய் வாசம்தான் எரிசேரி. உரிச்ச தோலை எறிய மாட்டா. பொடிப்பொடியா நறுக்கி மஞ்சள் தண்ணியில் போட்டு, கறை போகப் பிழிஞ்சு, வேகவச்ச பெரும்பயறு சேர்த்து, தேங்காய், பூண்டு, பச்சை மிளகாய் சதைச்சுப் போட்டுத் துவரன் வைப்பா. நீங்க குப்பையில் போடுறது எங்க வீட்ல ஒரு நேரக் கூட்டு.

அடுத்தது சிப்ஸும் சர்க்கரைவரட்டியும். ரெண்டும் ஒரே காய், ஒண்ணு உப்பு, ஒண்ணு இனிப்பு. சிப்ஸுக்குக் காயை நேரா எண்ணெய்க்கு மேல பிடிச்சு வட்டமா சீவிப் போட்டு, பாதி வெந்ததும் உப்புத் தண்ணியைக் கொதிக்கிற எண்ணெயிலயே தெளிப்பாங்க. பார்க்கிறவனுக்குப் பயமா இருக்கும், சடசடன்னு பொங்கி அடங்கும். அப்பத்தான் உப்பு எல்லாத் துண்டுலயும் ஒரே மாதிரி பிடிக்கும். சர்க்கரைவரட்டிக்குக் காயை நீளவாக்கில் பிளந்து தடியா வெட்டணும். மெதுவான தீயில், கரண்டியால் தட்டினா கலகலன்னு சத்தம் கேட்கிற வரைக்கும் பொரிக்கணும். அவசரப்பட்டா உள்ள வேகாது, நாலு நாள்ல நமுத்துப் போகும். பிறகு வெல்லப்பாகு, சுக்கு, ஏலம், சீரகம்.

நாலஞ்சு நாள் கழிச்சு காய் செங்காய் ஆகும். பச்சையும் மஞ்சளுமா நிற்கும். இந்தப் பருவத்துல பழப்புளிசேரி. உங்க மோர்க்குழம்புக்கு அக்கா முறைன்னு வச்சுக்கிடுங்க. துண்டு போட்டு மஞ்சளும் மிளகாய்த்தூளும் சேர்த்து வேகவச்சு, தேங்காய் சீரகம் அரைச்சுக் கலந்து, புளிச்ச தயிரைக் கடைஞ்சு ஊத்தி, நுரை கூடும்போதே இறக்கிடணும். ஒரு கரண்டியில் புளிப்பு, காரம், இனிப்பு மூணும் வரும்.

நல்லா மஞ்சளானதும் தோலோடு ரெண்டா நறுக்கி ஆவியில் அவிச்சா போதும். புட்டுக்கு அதுதான் துணை. மழைச் சாயங்காலம்னா மாவில் முக்கிப் பொரிச்ச பழம்பொரி. கடைசியா, தோல் முழுக்கக் கறுத்து, தொட்டா கொழகொழன்னு ஆனதும் பிரதமன். பழத்தை அவிச்சு, நடுவுல ஓடுற கறுப்பு நாரை எடுத்துட்டு மசிச்சு, வெல்லமும் நெய்யும் விட்டு உருளியில் கிண்டிக் கிண்டி வரட்டி, மூணாம் பால், ரெண்டாம் பால், இறக்கும்போது முதல் பால், சுக்கு, ஏலம். பால் ஊத்தாம வரட்டினதை அப்படியே பரணியில் அடைச்சு வச்சா, மாசக்கணக்கில் கெடாது.

கறுக்காத பழத்துல பிரதமன் வச்சா இனிப்பு வெல்லத்துல இருந்துதான் வரும், பழத்துல இருந்து வராது. "கறுக்கட்டும் மக்கா, அவசரப்படாத" என்பா அம்மை. நகரத்துல எது கழிவோ அது இங்க பக்குவம்.

சரி, இதெல்லாம் ருசிக் கதை. வழக்குக்கு வருவோம்.

குலை வெட்டின பிறகு ஏத்தன் யாருக்காகவும் காத்து நிற்காது. நாளுக்கு நாள் நிறம் மாறும். சாப்பிடுறவன் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சமையல் தெரிஞ்சவனா இருந்தா, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விலை இருக்கும். அவனுக்குத் தெரிஞ்சது புள்ளியில்லாத மஞ்சள் மட்டும்தான் என்றால், அந்த ரெண்டு நாளைக்கு மட்டும்தான் விலை. வியாபாரிக்கு இது தெரியும். "நாளைக்குக் கறுத்துப் போகும், யாரு வாங்குவா?" என்று சொல்லியே குறைப்பாரு. அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அவரு சொல்றது நெசம். கறுத்ததை வாங்க ஆளில்லை.

ஓணம் நேரத்துல மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். மலையாளத்துக்காரங்க ஓணத்துக்கு உப்பேரியும் சர்க்கரைவரட்டியும் பிரதமனும் இல்லாம இலை போட மாட்டாங்க. அதனால எங்க ஆட்கள் ஐப்பசி, கார்த்திகையில் கன்னு நட்டு, ஆவணியில் குலை வெட்டுற மாதிரி கணக்கு வைப்பாங்க. ஓணம் முடிஞ்சா விலை இறங்கும். யோசிச்சுப் பாருங்க. ஒரு ஜனம் வருசத்துல ஒரு பத்து நாள் ஒரு காயை முழுசா சமைக்குது. அதுக்காகவே பக்கத்து மாநிலத்துல ஒரு விவசாயி பயிர்க் காலத்தை மாத்தி அமைக்கிறான். சமையல் தோட்டத்தை எப்படி ஆட்டி வைக்கும்னு காட்ட இதுக்கு மேல சாட்சி வேணுமா?

இன்னொரு சாட்சி சொல்லுதேன். 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். ரப்பரும் தென்னையும் வாழையும் மாவட்டம் முழுக்கச் சாய்ஞ்சு கிடந்தது. என் தோட்டத்துல நானூறு மூடு ஏத்தன். காலையில் போய்ப் பார்த்தப்ப நின்னது முப்பதுக்குள்ளதான். பாதிக்கு மேல குலை தள்ளி ரெண்டு மாசம் ஆகாத வாழை. காய் விரல் தடிமனுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வியாபாரி வந்து பார்த்தாரு.

"முத்தாத காய். சிப்ஸுக்கு ஆகாது, பழுக்கவும் செய்யாது. இத நான் எங்க கொண்டு போட?" என்றார்.

"கறிக்கு எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கறிக்கு மொந்தன்தான் கேப்பாங்க. ஏத்தன் பிஞ்சை யாருக்குச் சமைக்கத் தெரியும்?"

எங்க வீட்டுக்குத் தெரியும். பிஞ்சு ஏத்தன் தோலோடு சேர்த்துத் துவரனுக்கு ரொம்ப நல்லாருக்கும், புளிக்கறிக்கும் ஆகும். வெயில் வந்த பிறகு கொஞ்சம் தேறினதைச் சீவிக் காயவச்சுப் பொடிச்சோம். எங்க பக்கம் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கிற பொடி அது. அக்கம்பக்கம் எல்லாம் குடுத்தோம். ஆனா அக்கம்பக்கத்துலயும் அதே காய்தான் மலை மாதிரி கிடக்கு. ஒரு கிராமம் எத்தனை குலையைத் தின்னு தீர்க்கும்? மிச்சத்தை வெட்டி மூட்டுலயே உரமாப் போட்டேன். மதுரையிலயும் சென்னையிலயும் பிஞ்சு ஏத்தனைச் சமைக்கத் தெரிஞ்ச பத்தாயிரம் வீடு இருந்திருந்தா, அந்த வாரம் ரெண்டு லாரி இங்க வந்திருக்கும். நிவாரணம், காப்பீடு எல்லாம் தனிக் கதை. அதெல்லாம் வர்றதுக்கு முன்னால பசியோட இருக்கிற ஒரு சந்தை வந்திருக்கும். புயல்னு இல்ல, ஒவ்வொரு வருசமும் சாதாரணக் காத்துக்கே பத்து இருபது மூடு விழத்தான் செய்யுது. அதெல்லாம் அப்படியே நஷ்டம்.

இனி உங்க தரப்பு வாதத்தைக் கேட்போம். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

"வாழைக்காய் வாயு." முதல் வாதம் இதுதான். சரி, எரிசேரியில் ஏன் அவ்வளவு மிளகும் சீரகமும்? சர்க்கரைவரட்டியில் ஏன் சுக்கு? துவரனில் ஏன் பூண்டு? வாயுவைப் பத்தி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாட்டிமார்தான் மருந்தையும் சேர்த்தே சமைச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க. நீங்க எச்சரிக்கையை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு, சமையல் குறிப்பை மறந்துட்டீங்க.

"சர்க்கரை இருக்கு, டாக்டர் வேண்டாம்னுட்டாரு." டாக்டர் சொன்னா கேளுங்க, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அவரு சொன்னது பழத்தையா காயையா என்று ஒரு வார்த்தை கேட்டீங்களா? ரெண்டும் ஒண்ணில்ல.

"நேரமில்லை." பிரதமனுக்கு நேரம் வேணும், ஒத்துக்கிடுதேன். அது கல்யாணச் சமையல். ஆனா ஒரு ஏத்தம்பழத்தை ரெண்டா நறுக்கி இட்லிச் சட்டியில் வைக்க என்ன நேரம்? பத்துப் பதினைந்து நிமிசத்துல காலைச் சாப்பாட்டில் பாதி முடிஞ்சுது. பாக்கெட்டைப் பிரிச்சுப் பாலில் கொட்டுறதை விடக் கொஞ்சம்தான் கூட.

"நேந்திரம்பழம் வாங்கினோம், மாவு மாதிரி இருந்துச்சு, பிடிக்கலை." ஏன் மாவா இருக்காது? கடையில் இருந்து எடுத்துட்டு வந்ததும் ரொபஸ்டா மாதிரி உரிச்சுத் தின்னா அப்படித்தான் இருக்கும். வாங்கினதை நாலு நாள் வெளியிலயே வச்சுக் கறுக்க விடணும், இல்ல அவிக்கணும். சிலபேர் குளிர்பெட்டியில் வைக்கிறாங்க. குளிரில் தோல் மட்டும்தான் கறுக்கும், உள்ளே பழுக்காது. அதைப் பார்த்துட்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறாங்க. சமைக்கத் தெரியாம ஒரு பொருளுக்குக் கெட்ட பேர்.

"கறுத்த பழத்தை எப்படிச் சாப்பிடுறது?" இதுக்கு மட்டும் எனக்குச் சிரிப்புதான் வரும். அதே கறுத்த வாழைப்பழத்தை மசிச்சு, மைதாவும் சர்க்கரையும் போட்டு வேகவச்சு 'பனானா பிரெட்'னு பேர் வச்சா, குளிர்சாதன அறையில் உக்காந்து காசு கொடுத்துச் சாப்பிடுறீங்க. பழம் கறுத்தாத்தான் ருசின்னு அதைச் செய்றவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க அம்மைக்கும் தெரிஞ்சிருந்துது. அவகிட்டக் கேட்டிருந்தா அந்தக் காசுல ஒரு குலையே வாங்கியிருக்கலாம்.

"நாங்கதான் நேந்திரம் சிப்ஸ் வாங்குறோமே!" வாங்குறீங்க, சந்தோசம். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. காயைத் தோலோடு எடுத்துக்கிட்டா, நாலு கிலோ காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ சிப்ஸ் தேறும். காய் கிலோ 40 ரூபாய்னு வைங்க. காய்க்கு மட்டும் 160 ஆச்சு. தேங்காயெண்ணெய் விலை உங்களுக்கே தெரியும். விறகு, கூலி, பாக்கெட், கடைக்காரர் லாபம் எல்லாம் பிறகு வரணும். இதுல ஒருத்தர் கிலோ 250 ரூபாய்க்குத் தேங்காயெண்ணெய் சிப்ஸ் தாரேன்னா, ஒண்ணு எண்ணெய் வேற, இல்லாட்டி விவசாயிக்குக் கிடைச்ச விலை வேற. மலிவா வாங்கி ஜெயிச்சுட்டதா நினைக்காதீங்க. அந்த மலிவு யாரோ ஒருத்தர் இடுப்பில் இருந்து அவிழ்த்தது.

உள்ளதைச் சொல்லணும். ஊர்லயும் இந்தச் சமையல் தேய்ஞ்சுகிட்டுத்தான் வருது. கல்யாண வீட்டுப் பிரதமனை ஒப்பந்தச் சமையல்காரர் வைக்கிறாரு. சர்க்கரைவரட்டியைப் பேக்கரியில் வாங்குறாங்க. எங்க ஊர்ப் பிள்ளைகள் சிலதுக்குத் தோல் துவரன் என்றால் என்னன்னே தெரியாது. இருந்தாலும் உங்ககிட்ட ஏன் கேக்குறேன்னா, வாங்குற கை உங்க கை. நகரம் எதைக் கேக்குதோ அதைத்தான் லாரி ஏத்தும். லாரி எதை ஏத்துதோ அதைத்தான் நாங்க நடுவோம்.

நகரம் இப்ப கேக்குறது ஒரே பழம். ஒரே நீளம், ஒரே மஞ்சள், ரொபஸ்டா, ஜி-9. இதெல்லாம் கேவண்டிஷ் என்கிற ஒரே கூட்டம். இதுக்கு முன்னால உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது க்ரோ மிஷேல்னு ஒரு ரகம். பனாமா வாடல் நோய் வந்து, 1960களுக்குள்ள அது சந்தையை விட்டே போச்சு. அந்த இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். இப்ப கேவண்டிஷையும் சாய்க்கிற வாடல் நோய் பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்துட்டு. ஒரே ரகத்தில் எல்லாரும் போய் நின்னா, ஒரே நோயில் எல்லாரும் விழணும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, ரகங்களைச் சேகரிச்சுப் பாதுகாக்கிறாங்க, நல்ல காரியம். ஆனா சேகரத்துல நாலு மூடு நிக்கிறதும் ஊர்ல நாலாயிரம் மூடு நிக்கிறதும் ஒண்ணாகுமா?

ஊர்ல நிக்க வைக்கிறது சமையல்தான். பழனி, சிறுமலைப் பக்கத்து மலைவாழையை முடிக்கொத்து நோய் படாதபாடு படுத்திச்சு. ஆனாலும் விருப்பாச்சிப் பழம் என்றால் இன்னைக்கும் ஜனங்களுக்குத் தெரியுது. அதுல பஞ்சாமிர்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைச்சுது, பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல். எங்க மட்டிப் பழத்துக்கும் 2023இல் கிடைச்சுது. கொண்டாடினோம். ஆனா குறியீடு என்பது ஒரு காகிதம். பஞ்சாமிர்தம் செய்ய ஒரு கோயில் இருக்கிற வரைக்கும் மலைவாழையைக் கேட்க ஆள் இருக்கும். ஏத்தனுக்குக் கோயில் கிடையாது, வீடுதான் இருக்கு.

உலகத்துல மத்தவங்க இதை மறக்கலை. உகாண்டாவில் பச்சைக் காயை அவிச்சு மசிச்ச மட்டோக்கே தினச் சாப்பாடு. கானாவில் ஏத்தன் மாதிரிப் பழத்தை இஞ்சியும் மிளகாயும் பூசிப் பொரிச்சு, கெலவெலேன்னு தெருவுல விக்கிறாங்க. இனிப்பும் காரமும் ஒரே துண்டில். வாழை உற்பத்தியில் உலகத்துலயே முதல் இடம் நம்ம நாட்டுக்கு. நாம அதை உரிச்சுத் தின்னுட்டுத் தோலை எறியுறோம்.

அதனால நான் கேக்குறது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. 'விவசாயியைக் காப்போம்'னு வண்டியில் ஒட்ட வேண்டாம். பொங்கலன்னைக்கு எங்க படத்தைப் போட்டு வாழ்த்தும் சொல்ல வேண்டாம். மாசத்துல ரெண்டு தடவை ஏத்தன் வாங்குங்க. கடைக்காரர்கிட்டப் பச்சையா ரெண்டு காய், செங்காயா ரெண்டு, கறுத்தது ரெண்டு என்று தனித்தனியாக் கேளுங்க. கறுத்ததை நீங்களா கேட்டா அவரு உங்களை ஒரு மாதிரி பார்ப்பாரு. பார்க்கட்டும். நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு அவரே எடுத்து வைப்பாரு. காயை எரிசேரி வைங்க, தோலைத் துவரன் வைங்க, செங்காயைப் புளிசேரி வைங்க, கறுத்ததை வெல்லம் போட்டு வரட்டுங்க. முதல் தடவை சரியா வராது. ரெண்டாம் தடவை வரும்.

புயலோ காத்தோ வந்து எங்க பக்கத்து வாழை சாய்ஞ்ச செய்தியைப் பேப்பர்ல பார்த்தீங்கன்னா, "அய்யோ பாவம்"னு சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீங்க. அடுத்த நாள் காய்கறிக் கடையில் போய் "ஏத்தன் பிஞ்சு வந்திருக்கா?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்வி கோயம்பேட்டுல கேட்டா, ரெண்டு நாளையில் என் தோட்டத்து வாசலில் கேட்கும்.